கடுமுடிச்சு

கதவைத் திறந்துவிட்டு விடுதியில் வேலை பார்க்கும் பெண் ஒதுங்கி நின்றாள். அவர் உள்ளே போகவில்லை.

பூட்டைப் பார்த்தார். நல்ல பூட்டுத்தான். ஆனால் சாவி இவ்வளவு நேரம் வெளியே ஆணியில் தொங்கியது. எவனும் எடுக்கலாம்.

மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. விடுதியில் தங்குகிறவர்கள் பையை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போவார்கள். சக்கரம் வைத்த பெட்டிகள், முதுகுப்பைகள், உறை போட்ட ஒரு கிட்டார்.

சுவரோரம் நீலப் பை.

மகனுடையது.

நாற்பத்தியொரு நாளாக அங்கேயே இருக்கிறது.

கப்பல் வேலை முடிந்து இறங்கி, ஊருக்கு விமானம் ஏறக் காத்திருந்த நாட்களில் வினிஸ்டன் இங்கேதான் தங்கினான். இத்தாலியில் ஒரு துறைமுக ஊர். ஒரு அறையில் பத்துப் பேர், கட்டில் மேல் கட்டில். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள். விமானம் ராத்திரிதான். பையை இங்கே வைத்துவிட்டு வெளியே போனான்.

அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

கடலில் விழுந்திருக்கலாம் என்றது போலீஸ். வேலை தேடி எங்கேயாவது ஒளிந்துபோயிருப்பான் என்றது கப்பல் கம்பெனி. வாய்தானே, என்னவும் சொல்லும்.

அவர் நேற்றுத்தான் வந்து சேர்ந்தார். மகன் படுத்த கட்டிலையே கேட்டு வாங்கினார். தன் பையைக் கயிறு போட்டுக் கணுக்காலோடு கட்டிக்கொண்டு படுத்தார். காலையில் குளிக்கப் போனால், பொத்தானை அமுக்கினால் அரை நிமிடம் தண்ணீர், பிறகு நின்றுவிடுகிறது. இவர்களும் ஆளை நம்புவதில்லை என்று தெரிந்தது. அது ஒன்றுதான் இந்த ஊரில் அவருக்குப் பிடித்தது.

புறப்படும்போது சலேத்மேரி அழவில்லை. புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மொதல்ல முடிச்சப் பாருங்க."

மகன் பையில் ஜிப் போய் இரண்டு வருஷம். வள்ளத்துக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, வாயைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தது அவர்தான்.

விடிந்தால் மறுபடி கடலுக்குப் போகிற வள்ளத்தை உருவு முடிச்சில் கட்டுவார்கள். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு, அவிழ்ந்துவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றின வள்ளத்துக்குக் கடுமுடிச்சு. இப்போதைக்கு இதைத் தொடப் போவதில்லை என்று அர்த்தம். யோசித்துப் போடுவதில்லை. கை தானாகப் போடும். வள்ளமானாலும் சரி, அரிசிச் சாக்கானாலும் சரி. வினிஸ்டன் கை எட்டு வயதிலிருந்து போட்ட கை.

கடுமுடிச்சாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வந்தார்.

கடுமுடிச்சு என்றால் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பை வேண்டாம், ஊர் வேண்டாம், அப்பனும் அம்மையும் வேண்டாம் என்று போயிருக்கிறான். எங்கேயோ இருக்கிறான்.

இருக்கட்டும்.

உள்ளே போய்க் குனிந்தார்.

உருவு முடிச்சு.

சாயங்காலம் வந்து எடுக்கப் போகிறவன் போடுகிற முடிச்சு.

முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அந்தப் பெண்ணை முறைத்தார்.

"இத யாரோ அவுத்துக் கட்டியிருக்காங்க."

அவள் செல்போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். இன்னொரு தடவை சொன்னார். போன் அவள் பாஷையில் பேசியது. அவள் பதில் சொன்னாள். போன் தமிழில் பேசியது.

"யாரும் தொடவில்லை. குடும்பத்தினர் வரும்வரை திறக்கக் கூடாது என்று காவல்துறை கூறியுள்ளது."

செய்தி வாசிக்கிற தமிழ். அதை எப்படி நம்புவது?

திருடியிருந்தால் நல்லது. பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டியிருந்தால் இந்த முடிச்சு மகனுடையது இல்லை. எதிரில் நிற்கிறவள் கள்ளியாக இருக்கவேண்டும் மாதாவே என்று மனசுக்குள் கும்பிட்டார்.

ராத்திரி காலில் கட்டின கயிறு சட்டைப்பையில் இருந்தது. எடுத்து அவளிடம் கொடுத்தார். பக்கத்துப் பெட்டியின் கைப்பிடியைக் காட்டி, கட்டு என்று சைகை செய்தார்.

அவள் குழம்பினாள். கட்டினாள்.

ஷூ லேசுக்குப் போடுகிற மாதிரி, இரண்டு காது வைத்து.

"வேற தெரியாதா தாயி?"

போன் கேட்டது. போனே பதிலும் சொன்னது.

"எனக்கு இது ஒன்றுதான் தெரியும், ஐயா."

அவள் கண்ணைப் பார்த்தார். பொய் இல்லை.

இந்த ஊருக்கு வந்து அவர் நம்பின முதல் ஆள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. சலேத்மேரி. எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

அவர் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். மகன் போட்ட முடிச்சின் கண்ணுக்குள் நுனியை விட்டு இழுத்தார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். பையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இறுக்கினார்.

இனி அறுத்தால்தான் உண்டு.

போன் மறுபடி அடித்தது. எடுத்தார்.

"பாத்தியளா? என்ன முடிச்சு?"

கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடுமுடிச்சு, ஏட்டி."

அந்தப் பக்கம் சலேத்மேரி மூக்கை உறிஞ்சினாள்.

"பாவிப் பய. அப்ப எங்கேயோ நல்லாருக்கான். என்னங்க, இருக்கான்லா?"

அவர் தலையை ஆட்டினார்.

போனில் அது கேட்காது.