பொட்டலுக்கு ஓர் ஆட்சேபம்

கடைசியில் ஒருவர் முழிப்பார். அப்போது வயிறு குலுங்கச் சிரிக்கலாம். இப்போதே சிரித்துத் தீர்த்துவிடாதீர்கள். முதலில் பொட்டலைப் பார்த்துவிட்டு வருவோம்.

காரைக்குடிக்கு முனிசிபாலிட்டி வந்த புதிது. ஸ்டேடியம் என்ற சொல்லே ஊருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பொட்டல்தான். காலையில் மிளகாய் விற்கும் மீனம்மாள் அங்கே மிளகாய் காயப்போடுவாள். பெருநாள் தொழுகைக்கு அங்கேதான் பாய் விரியும். சாயங்காலம் ஆனால் பந்து. தோல் கிழிந்து மூன்று இடத்தில் தைத்த பந்து, வெறுங்கால் ஆட்டம். அந்தப் புழுதி வாசம் அப்புறம் எந்த மைதானத்திலும் கிடைக்கவில்லை என்று ஆடியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பொட்டலைச் சுற்றிச் சுவர் வைத்து, கேட் போட்டு, உத்தியோகஸ்தர்கள் டென்னிஸ் ஆட விடுவதென்று சேர்மன் கிளம்பினார்.

தடுக்கக்கூடிய ஆள் ஒருவர்தான்: வார்டு மெம்பர் மெய்யநாதன் செட்டியார். வார்டில் என்ன வேலை என்றாலும் ஓவர்சியர் வந்து மெம்பரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். ஆட்சேபம் என்று ஏறிவிட்டால் அந்த விஷயம் கூட்டத்துக்கே போகாது.

ஆனால் செட்டியார் மகளைச் சேர்மன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவர் எங்கே வாயைத் திறக்கப்போகிறார்? ஓட்டு வாங்குகிறவரைக்கும் பேசினார், வாங்கியதும் ஊமையாகிவிட்டார் என்று காப்பிக் கடையெல்லாம் இதே பேச்சு.

சாதிக் அலிக்குப் பதினேழு வயது. பந்தாட்டம் சுமார். ஊரார் குரலில் பேசுவதில் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. செட்டியாரின் கரகரத்த சுருட்டுக் குரலில் அவன் கூப்பிட்டால், அவர் வீட்டு வேலைக்காரி சிட்டாளே "இந்தா வந்துட்டேன்" என்று ஓடிவருவாள்.

பொட்டல் பையன்கள் ஒரு மனு எழுதி அவன் கையில் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் அவனையே கொண்டுவரச் சொல்லி செட்டியார் ஆள் விட்டுத் தாக்கல் சொல்லியிருந்தார்.

போனால், ஐயா எண்ணெய் தேய்த்திருக்கிறார், குளித்துவிட்டுத்தான் பார்ப்பார் என்றாள் சிட்டாள். ஒருக்களித்திருந்த வாசல் கதவுக்கு உள்பக்கம் அவனை உட்காரவைத்துவிட்டு, வெந்நீர் போடப் போய்விட்டாள்.

எண்ணெய் உடம்போடு செட்டியார் யார் கண்ணிலும் படமாட்டார். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றே பேசி அனுப்பிவிடுவார். ஊருக்கே தெரிந்த வழக்கம்.

சற்று நேரத்தில் ஓவர்சியர் குருநாதன் வந்தார். நல்லெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எண்ணெய்க் குளியலா ஐயா? நீங்க வர வேண்டாம். பொட்டலுக்குச் சுவர் வைக்கச் சம்மதம்னு எழுதிக்கிறேன்."

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. சாதிக் தொண்டையைச் செருமினான்.

"ஆட்சேபம்னு எழுதுங்க" என்றது சுருட்டுக் குரல்.

ஓவர்சியர் ஆடிப்போனார். சேர்மன் சம்பந்தியாகப் போகிறவர் என்று பக்குவமாக ஞாபகப்படுத்தினார்.

"பொண்ணைத்தானய்யா அவுக வீட்டுக்குக் குடுக்குறேன். பொட்டலையுமா குடுக்கணும்?"

பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. அவர் தெருமுனை திரும்பியதும், மனுவை அங்கேயே போட்டுவிட்டு சாதிக் எடுத்தான் ஓட்டம்.

அடுத்த கூட்டத்தில் சேர்மன் முறைத்த முறைப்புக்கு, செட்டியார் தலையைச் சொறிந்துகொண்டே, எண்ணெய்க் கிறுகிறுப்பில் என்ன சொன்னேனோ, நோட்டில் ஏறிப்போச்சே என்று முனகினாராம். சேர்மனுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். சுவர் வரவில்லை. கல்யாணமும் ஜாம்ஜாமென்று நடந்தது.

சாதிக் அலிக்குக் கேட்க வேண்டுமா? அவன் பேசியதைத் தான் பேசியதாக அல்லவா அந்த மனுஷர் நம்பிவிட்டார்! பொட்டலில் தினமும் அதை நடித்துக் காட்டினான்.

ஒரு நாள் கோவிலூர்ப் பையன்களோடு ஆட்டம். இடைவேளையில் சாதிக் ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே செட்டியார்.

சாதிக் கையெடுத்துக் கும்பிட்டான். புத்தி கெட்டுப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று குழறினான்.

"எதுக்குப்பா மன்னிப்பு? நானும் அங்குட்டு உள்ளதான் நின்னேன், இருமல் வந்துறக் கூடாதேன்னு வாயைப் பொத்திக்கிட்டு. ஆட்சேபம்னு சொல்ல எனக்குத் தைரியம் பத்தலை. நீ சொல்லிப்புட்டே."

சாதிக் அலிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நல்ல வேளையாக அன்றைக்குப் பார்த்து ஓவர்சியரும் வந்தார் என்று இழுத்தான்.

செட்டியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னையும் அவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி ஆள் விட்டது ஆருன்னு நெனைச்சே?"

சாதிக் அலி முழித்த முழியைப் பார்த்து, முதலில் சிரித்தது கோவிலூர்ப் பையன்கள்தான்.