ஜெபாவுக்கு மட்டும் புரியவில்லை

ஆன்லைன் வகுப்பில் ஏகாம்பரம் சாருக்குத் தெரிவதெல்லாம் கறுப்புக் கட்டங்கள்தான். கேமராவை எவனும் போட மாட்டான். கேள்வி கேட்டால் பதிலும் வராது. ஜெபா ஒருத்திதான் வாயைத் திறப்பாள்.

"புரியல சார்."

"பரவால்ல கண்ணு, வேற மாதிரி சொல்றேன்."

பட்டாபிராம் ஸ்டேஷனில் பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் ஓடுவதுபோலத் தோன்றுமே, அதை வைத்துச் சார்பு வேகத்தை விளக்குவார். இத்தனை வருஷம் வகுப்பறையில் சேர்த்ததை எல்லாம் அவளுக்கு அள்ளிக் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு ஒருத்திக்காகத்தான் இந்த வேலைய வுடாம கீறேன்" என்று மனைவி ஞானம்மாளிடம் சொல்வார்.

கடைசி வகுப்பு முடிந்த மறுநாள், அம்பத்தூரில் ஒரு நல்ல பேனா வாங்கிக்கொண்டு பிரின்சிபால் திருமுருகனைப் பார்க்கப் போனார்.

"ஜெபாவக் கொஞ்சம் கூப்பிடுங்க சார். என் கையால குடுக்கணும்."

திருமுருகன் நெளிந்தார். "அது ஸ்டூடண்ட் இல்ல சார். மேனேஜ்மென்ட் வாங்கின சாஃப்ட்வேர். பாடம் நடத்தக் கத்துக்கறதுக்காக உங்க கிளாஸ்ல உட்கார வெச்சோம். அடுத்த செமஸ்டர்ல இருந்து உங்க சப்ஜெக்ட அதுதான் எடுக்கும்."

மேஜை மேலிருந்த லேப்டாப்பை இயக்கி, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லியிருந்தா இவ்ளோ ஆசையா கத்துக் குடுத்திருப்பீங்களா?"

ஏகாம்பரம் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"புரியல சார்" என்றார்.

லேப்டாப், ஜெபாவின் குரலில் பதில் சொன்னது.

"பரவால்ல கண்ணு, வேற மாதிரி சொல்றேன்."