பேசாத கம்ப்யூட்டர்

தாம்பரம் கம்ப்யூட்டர் கடையில் ஜீவானந்தம் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து போன் அடித்தது.

“சார், கேளம்பாக்கத்திலேர்ந்து சாஹிரா பேசறேன். கம்ப்யூட்டர் எதையும் படிச்சுக் காட்ட மாட்டேங்குது. மேசையைத் துடைக்கிறப்போ ஒயரெல்லாம் கழண்டுடுச்சு, நானே மாட்டினேன். சாயங்காலத்துக்குள்ள மொழிபெயர்ப்பை அனுப்பலேன்னா வேலை போயிடும்.”

“ஸ்க்ரீன்ல என்ன வருது?”

“ஸ்க்ரீனா? அதை என் தம்பி கிரிக்கெட் பார்க்கத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

சரியான லூசு வந்து மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ஜீவானந்தம்.

“பின்னாடி பச்சை ஓட்டையில ஸ்பீக்கர் ஒயரைச் செருகுங்க.”

“மூணு ஓட்டை இருக்கு சார். பச்சைன்னா எப்படி இருக்கும்?”

“ம்... புல்லு மாதிரி இருக்கும்!” என்று கத்தினான்.

“புல்லைத் தடவிப் பார்த்திருக்கேன் சார். இது மூணும் ஒரே மாதிரி வழவழன்னு இல்ல இருக்கு?”

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. “மேடம், உங்களுக்கு...”

“பிறவியிலேர்ந்தே கண்ணு தெரியாது. கம்ப்யூட்டர் படிக்கும், நான் கேட்டு டைப் பண்ணுவேன்.”

“நடு ஓட்டை மேடம்” என்றான், குரல் இறங்கிப்போய்.

மறுமுனையில் கம்ப்யூட்டர் கடகடவென்று பேச ஆரம்பித்தது.

“வந்துடுச்சு. இதை முதல்லயே நடுவுலன்னு சொல்றதுக்கு என்ன சார்?” என்று போனை வைத்தாள் சாஹிரா.