களை நட்டவள்

“களையப் புடுங்குறவளப் பாத்திருக்கேன். பஸ் ஏறிப் போயி களையக் கொண்டாந்து நடுறவள இன்னைக்குத்தான்டி பாக்குறேன்!”

வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார் அவள் புருசன் குருநாதன்.

உமையாள் நிமிரவே இல்லை. திருவாடானையில் தங்கச்சி வயலிலிருந்து மண்ணோடு பெயர்த்து, ஈரச்சாக்கில் சுற்றி, ரெண்டு பஸ் மாறி உச்சிப்புளிக்குக் கொண்டுவந்த செடிகள். கொட்டைக்கரந்தை. கோலிக்குண்டைவிடச் சின்னதாக, ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூக்கும். வாசம் தூக்குவதால் ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

“சத்தம் போடாதீங்க. நாலு பேரு காதுல விழுந்தா அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிரும்.”

“தெரியட்டுமே! உன்னை நம்பி வார படிச்ச புள்ளைய ஏமாத்துறியே, இது அடுக்குமா?”

அடுக்காதுதான். அது உமையாளுக்கும் தெரியும். தெரிந்துதான் நட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளை பெயர் மயூரி. மண்டபம் அகதிகள் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். மதுரைக் கல்லூரியில் செடிகொடி ஆராய்ச்சி. அஞ்சு வருசத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் இந்த வயலுக்குள் வந்து நின்றாள்.

“சுத்துவட்டாரத்துல இந்தப் பூ உங்க வயல்ல மட்டும்தாம்மா நிறைய இருக்கு. இதுக்குக் கண்மாய்த் தண்ணி நின்னு வடியணும். வடிஞ்ச களிமண்ணுல முளைக்கும், பூக்கும், சித்திரைக்குள்ள விதையக் கொட்டிட்டுச் செத்துப்போகும். அடுத்த வருசம் புதுசாத்தான் முளைச்சு வரணும்.”

“அட, அறுப்பு முடிஞ்சதும் வந்து நிக்கிற சனியன்னுல்ல நெனச்சேன்! சரி, வெயில்ல நிக்காத தாயி. ஒரு வாய் சாப்பிட்டுப் போ.”

சூடைமீன் குழம்பை ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் மயூரி. அதிலிருந்து வருசம் தவறாமல் மாசியில் ஒரு நாள் வருவாள். பூவை எண்ணுவாள், எழுதுவாள், சாப்பிடுவாள், போய்விடுவாள்.

அந்த ஒரு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் உமையாள் ஏங்கிக் கிடந்தாள் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டுமே! பிள்ளை இல்லாத வீட்டில், “அம்மா, இன்னும் கொஞ்சம் குழம்பு” என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

போன வருசம் கண்மாய் நிறையவில்லை. கரந்தை ஒன்றுகூட முளைக்கவில்லை. தங்கச்சி வயலிலிருந்து விதை கொண்டுவந்து தூவி, குடம் குடமாய் ஊற்றி எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். இந்த வருசமோ தூவின விதையும் கையை விரித்துவிட்டது. அதனால்தான் செடியாகவே பெயர்த்து வந்தாள்.

பத்து நாளில் வேர் பிடித்து, பூவும் விட்டது.

மயூரி வந்தாள். கையில் பைப்பில் செய்த சதுரச் சட்டம். அதை வயலில் போட்டு, அதற்குள் நிற்கிற செடிகளைத்தான் எண்ணுவாள். போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உமையாள் கிட்டே போனாள்.

“என்ன தாயி, பூ கம்மியா இருக்கா?”

“பூவெல்லாம் இருக்கும்மா. காட்டுச்செடின்னா அங்க ஒண்ணு இங்க ஒண்ணா முளைக்கும். இதென்ன, சாணுக்கு ஒண்ணா வரிசை பிடிச்சு நிக்குது?”

பாழாய்ப்போன கை! முப்பது வருசமாய் மிளகாய் நாற்று நட்ட கை. அது பாட்டுக்குக் கயிறு பிடித்ததுபோல நட்டுத் தொலைத்திருக்கிறது.

“மாட்டுனியா!” என்றார் குருநாதன், வரப்பிலிருந்து.

இனி எதை மறைக்க?

“நான்தான் நட்டேன் தாயி. போன வருசமும் நான்தான் விதைச்சேன். தானா ஒண்ணும் முளைக்கல. உன் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். ஏசுறதுன்னா ஏசிரு.”

“எதுக்கும்மா இப்படிச் செஞ்சீங்க?”

“பூ இல்லேன்னா நீ வரமாட்டியே!” என்றாள் உமையாள். “பூ இருக்க ஊரத் தேடிப் போயிருவ. உன்னப் பாக்காம என்னால இருக்க ஏலாது. நான் எங்கன வந்து உன்னப் பாக்குறது? என்ன உறவுன்னு சொல்லிக்கிட்டு வாரது?”

மயூரி சட்டத்தைக் கீழே போட்டாள். உமையாளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

“காலேஜுல உன்னைத் திட்டுவாங்களா? எழுதுனதெல்லாம் பொய்யின்னு சொல்லிருவாங்களா? நானே மதுரைக்கு வந்து, எல்லாம் நான் செஞ்ச கூத்துன்னு சொல்லிடுறேன் தாயி.”

“யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா.” மயூரி, செடி நட்ட அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “கேம்ப்புல வளந்தவ நான். காரணம் சொல்லாம ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்க எனக்குக் கூச்சமா இருக்கும்.”

“அதான் ஆராய்ச்சின்னு பெரிய காரணம் இருக்கே, கண்ணு. அதத்தான் நான் கெடுத்துட்டேனே!”

“அது முடிஞ்சு, பட்டமும் வாங்கி ரெண்டு வருசமாச்சும்மா.”