ஏறாத சூடு

அக்காவும் தம்பியும் ஒரே சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். அன்று காலை மின்பெட்டியைத் திறந்தபோது தம்பிக்கு ஷாக் அடித்து, எதிர்ச் சுவர்வரை அவனைத் தூக்கி எறிந்தது. ஓடிவந்த அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவனோ எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, வேலையைப் பாரு" என்றான்.

மதியம் புது அளவுக் கருவியைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். அதிலிருந்து இருபது வயர்கள் நீண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் சூட்டால் பிறக்கும் துளி மின்னழுத்தத்தைக் கருவி டக் டக்கென்று வரிசையாக அளந்து, வெப்பமாகத் திரையில் காட்டும். நுனியை விரலால் பிடித்தால் உடம்புச் சூட்டுக்கு எண் ஏற வேண்டும்.

தம்பி முதல் வயரைப் பிடித்தான். அறையின் சூடு இருபத்தாறு டிகிரி. எண் அதிலேயே நின்றது. அடுத்த வயரும் அப்படியே.

"நல்ல கடையாப் பார்த்து வாங்கினாங்க போ!" என்று சிரித்தபடி அக்கா அதே வயரை வாங்கிப் பிடித்தாள். எண் மளமளவென்று முப்பத்து மூன்றுக்கு ஏறியது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. நுனியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். எண் மெல்ல இறங்கி மறுபடி இருபத்தாறுக்கு வந்தது.

"டேய்..." என்றாள்.

தம்பி திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்க்கா" என்றான்.