மீன் குடித்த கஷாயம்

"குடிச்சிட்டீங்களா மாமா?"

"ஆச்சும்மா" என்று காலி டம்ளரை நீட்டினார் ரெத்தினம். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, கசப்புத் தாங்காதவர் போல முகத்தையும் சுளித்துக் காட்டினார். உண்மையில் ஒரு சொட்டுகூட அவர் தொண்டையில் இறங்கவில்லை.

கஷாயம் மொத்தமும் கட்டிலை ஒட்டிய ஜன்னல் திட்டில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் போயிருந்தது. மருமகள் கனிமொழி ஆசையாக வளர்க்கும் ஃபைட்டர் மீன் ஒன்று அதில் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மஞ்சள் காமாலையில் படுத்த மனிதர் அவர். சர்க்கார் ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் கஷாயப் பொடி கொடுத்து, "ஒரு வேளைகூட விட்டுடாதீங்க பெரியவரே, உயிருக்கே ஆபத்தாயிடும்" என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். மகன் வளவன் சிங்கப்பூரில் இருந்தான். வீட்டில் இவரும் மருமகளும்தான்.

பொடியின் மேல் அவருக்குச் சந்தேகமில்லை. அதைக் காய்ச்சித் தருகிற கையின் மேல்தான் சந்தேகம். காமாலை வருவதற்குச் சற்று முன்புதான், "வாய்க்காலோரத்து நெலத்துப் பட்டாவ உங்க மகன் பேருக்கு மாத்திடலாமா மாமா?" என்று அவள் கேட்டிருந்தாள். உடம்பு விசாரிக்க வந்த தங்கை ரெங்கம்மாள் வேறு, "கூலிக்கு நாத்து நட்டுச் சேத்த நெலம்ண்ணே. சூதானமா இருந்துக்க" என்று காதில் ஓதிவிட்டுப் போனாள்.

முதல் டம்ளர் வந்தபோதே, குடிப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். முதல் தடவை அதைத் தொட்டியில் ஊற்றியபோது, மீன் அடியில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது. விஷமேதான் என்று ரெத்தினம் நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கனிமொழி வந்து தொட்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனாள். தடயத்தை அழிக்கிறாள் என்றே அவருக்குப் பட்டது.

மறுநாள் ஜன்னல் வழியே இன்னொன்றும் கண்ணில் பட்டது. கொல்லையில் வாதாம் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்ந்த இலைகளை அவள் பொறுக்கினாள், கழுவினாள், அங்கேயே இருந்த அடுப்பில் போட்டுக் கொதிக்க வைத்தாள். ஆஸ்பத்திரிப் பொடியில் இலை ஏது? அன்று டம்ளரில் வந்தது பால் விடாத டீ நிறத்தில் இருந்தது.

அதையும் தொட்டியில்தான் ஊற்றினார். ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது; எழுந்து கொல்லைப்பக்கம் போகத் தெம்பில்லை, பாவம் அவர்தான் என்ன செய்வார்? நாளாக ஆக, தொட்டித் தண்ணீர் பழுப்பேறியது. மீன் சாகவில்லை. துடுப்பை விரித்துக்கொண்டு முன்னைவிட மினுமினுப்பாகத் திரிந்தது. அதற்கு விஷம் பழகிப்போச்சு என்று சொல்லிக்கொண்டார். சந்தேகப்பட்ட மனசுக்குச் சாக்கா கிடைக்காது?

சாப்பாட்டை மட்டும் அவர் ஒதுக்கவில்லை. தன் தட்டிலும் அதே சோற்றையும் ரசத்தையும் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்ததுதான் காரணம். என்ன, இரண்டு வேளையும் வேப்பம்பூ ரசம்.

"ஏம்மா, இப்புடிக் கசக்குது?"

"பூவக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன் மாமா. செத்துப்போன நாக்குக்கு நல்லாருக்கும், சாப்பிடுங்க." சொல்லிவிட்டு அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள்.

நோய் இறங்கியது. பசி எடுத்தது, நடக்கத் தெம்பு வந்தது. மறுபடி வந்த ரெங்கம்மாள் அண்ணனின் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "மஞ்ச சுத்தமாப் போயிருச்சேண்ணே!" என்று கத்தினாள்.

அந்தக் கத்தலில் ரெத்தினத்துக்கு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் பொங்கிவிட்டது. மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, ஒம் பொண்டாட்டிய இன்னைக்கே அவ அம்மா வீட்டுக்குக் கெளம்பச் சொல்லு. கஷாயம்னு சொல்லி எனக்கு வெஷத்தக் கொடுத்துருக்கா. நான் ஒரு வாய்கூடக் குடிக்கல. எல்லாத்தயும் மீன் தொட்டியில ஊத்திட்டேன். அதான் உசுரோட இருக்கேன்!"

"என்னப்பா சொல்றீங்க?" என்று போனில் பதறினான் வளவன். சாப்பாடு பரிமாற வந்த கனிமொழியை ரெங்கம்மாள் எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். கனிமொழி கரண்டியைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்க ஊத்துறது எனக்கு மொத நாளே தெரியும் மாமா. மீன் சுருண்டு கெடந்தப்பவே தெரிஞ்சிருச்சு. கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன். அதுக்கப்பறம் டம்ளர்ல வெச்சதெல்லாம் வெறும் வாதாம் இலைத் தண்ணி. இந்த மீனுக்கு அது நல்லது."

"அப்ப எனக்கு எப்புடிம்மா கொணமாச்சு? மருந்தே குடிக்காமலா?" என்று சீறினார் ரெத்தினம்.

கனிமொழி ரசக் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கஷாயம் இதுல இருந்துச்சு மாமா."