வாசலுக்கு ஒரு சாய்தளம்

தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்பின் சேவைத் திட்டத்துக்காக, நடக்க முடியாத தையல்காரர் ஒருவரின் வீட்டு வாசலில் ஆறு பேர் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் கட்டினார்கள். உள்ளே படுத்திருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாமென்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவருடைய பத்து வயது மகள்தான் வாயே திறக்காமல் ஓடி ஓடிச் செங்கல் எடுத்துக் கொடுத்தாள்.

வேலை முடிந்ததும், “அண்ணனைக் கூட்டிட்டு வாங்கக்கா, போட்டோ எடுத்துக்கலாம்,” என்றாள் குழுத்தலைவி, தையல்காரரின் மனைவியிடம்.

“அவர் போய்ச் சேர்ந்து இருபது நாளாச்சும்மா,” என்றாள் அவள்.

தலைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “காலையிலேயே சொல்லியிருந்தா, தேவைப்படுற வேற வீட்டுக்குப் போயிருப்போமே!”

“அதுக்குப் பயந்துதான் சொல்லலை.” அவள் மகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவருக்கு வந்த அதே நோய் இவளுக்கும் இருக்காம். இன்னும் ரெண்டு வருஷம்தான் நடப்பாளாம். அவளுக்கு இன்னும் தெரியாதும்மா.”